பன்னிரண்டும் இருபத்தொன்றும்

4-9-2019, புதன்

எலி அறை வெப்பம் 22. ஈரம் 54. அறைக்குள் சாவு இல்லை.

ஆராய்ச்சி மாணவி ஹேமப்பிரியா மூளையைப் பரிசோதிக்க முதல் எலிக்கூட்டத்தை இன்று எடுத்தாள். பதினைந்தும் பெண் எலிகள். ஐந்து கூண்டுகளிலிருந்தும் பிடித்து ஒரே டப்பாவில் போட்டுக்கொண்டாள். ஆணாக இருந்தால் கடித்துக் குதறியிருக்கும்.

“கூண்டு அட்டை எடுத்துட்டுப் போகலையா?” என்று கேட்டேன்.

“வேணாங்க. எது எந்த வகைன்னு தெரியாமத்தான் செய்யணும். அதுதான் முறை. மேஜைல வெச்சுக் காதைப் பாத்து நம்பர் எழுதிக்குவேன்.” சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

பத்தேகாலுக்கு, செத்த எலிகளைப் போடும் மஞ்சள் பை கொடுக்க மேலே போனேன். ஒரு எலி மயக்கத்தில் மேஜைமேல் கிடந்தது. அவள் காதைப் பார்த்தாள், எழுதினாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பையை வைத்தேன். வந்துவிட்டேன்.

ஒன்றும் சொல்லவில்லை. கூண்டு கழுவுகிறவள் சொல்லி அவர்கள் கேட்கிற காலம் 18-7-2018 அன்றே முடிந்துபோனது.

5-9-2019, வியாழன்

தேதியை எழுதிவிட்டேன், காரணத்தையும் எழுதிவைக்கிறேன்.

18-7-2018 ஒரு புதன்கிழமை. ஹேமப்பிரியா வந்து சேர்ந்த பதினாறாம் நாள். நான் தலைக்குத் தேய்த்திருந்த எண்ணெய் வாசத்துக்கு எலிகள் மிரளுகின்றன, சோதனை கெடுகிறது என்று ஆங்கிலத்தில் நாலு வரி எழுதி மேலே கொடுத்தாள். இருபத்தோரு வருஷ வேலையில் எனக்கு முதல் மெமோ. நான் படித்தது ஐந்தாவது. பேத்தி மிதுனாதான் படித்துச் சொன்னாள். எலி அறைக்குப் பொறுப்பு பிரான்சிஸ் டாக்டர். கால்நடை டாக்டர். அவரும், “அது நெசந்தானுங்க மாராத்தா, வாசம் மாறினா எலிக்குத் தெரியும்” என்றார்.

நிஜமாகவே இருக்கட்டும். அவள் எழுதும்போது நான் பத்தடி தள்ளி உமி மாற்றிக்கொண்டிருந்தேன். வாயால் சொல்லியிருக்கலாம். அன்றிலிருந்து வேலை நாளில் தலைக்கு எண்ணெய் கிடையாது.

6-9-2019, வெள்ளி

மாதத்தின் முதல் வெள்ளி. குப்பை லாரி வந்தது. ஃப்ரீசரிலிருந்த மஞ்சள் பைகள் போயின. அந்தப் பதினைந்தும் போயிற்று.

12-9-2019, வியாழன்

கழுவின தட்டுகளை மைக்ராஸ்கோப் அறையில் வைக்கப் போனேன். வரதராஜன் சார் நல்ல முகத்தோடு இருந்தார். ஹேமப்பிரியாவுக்கு அவர்தான் ஆசான். “வாங்க மாராத்தா, உங்க எலியோட மண்டைக்குள்ள என்ன இருக்குதுன்னு பாருங்க” என்று கூப்பிட்டார்.

கறுப்புத் திரையில் பச்சைப் புள்ளிகள், அங்கங்கே சிவப்பு. ஹிப்போகேம்பஸ் என்று பெயர். சுருண்ட வெற்றிலைபோல ஒரு வளைவு. எலி வழியை ஞாபகம் வைப்பது அங்கேதானாம். அதிலுள்ள நரம்பு செல்கள் பலவும் பார்வைக்கு ஒன்றுபோலவே தெரியும். உள்ளே எந்தப் புரதம் வைத்திருக்கிறது என்று கண்டுபிடித்தால்தான் எது எந்த வகை என்று பிரிக்கலாம். ஒவ்வொரு புரதத்தையும் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் ஒரு மருந்து உண்டு. அதோடு நிறத்தைச் சேர்த்துவிட்டால் அந்த வகை மட்டும் மின்னும். பார்வால்புமின், கால்பிண்டின், கால்ரெட்டினின், சோமட்டோஸ்டாட்டின்.

“நாலையும் திருப்பிச் சொல்லுங்க பாக்கலாம்” என்றார் சார், விளையாட்டாக. சொன்னேன். கீழிருந்து மேலாகவும் சொன்னேன்.

“ஹேமா, நீ போன வாரம் இதுல ஒண்ணை விட்டுட்டே. இவங்க விடலை பாரு.”

அவள் சிரிக்கவில்லை. நான் சிரித்தேன்.

எங்கள் எலிகளில் பாதி சாதா எலி. பாதிக்கு ஒரு மரபணுவை எடுத்துவிட்டிருக்கிறார்கள். சாதா எலிக்கு அந்த வளைவின் உட்பள்ளத்தில் கால்ரெட்டினின் செல்கள் பச்சையாக மின்ன வேண்டும். மரபணு எடுத்ததற்கு மின்னக் கூடாது. அப்படி வந்தால் அவளுக்குப் பட்டம். வராவிட்டால் வந்ததிலிருந்து உழைத்ததெல்லாம் தண்ணீரில்.

24-9-2019, செவ்வாய்

வெப்பம் 23. ஈரம் 51. நாலாம் கூண்டில் எட்டுக் குட்டி.

வந்துவிட்டது முடிவு. சாதா எலியில் சிலதில் இருட்டு, மரபணு எடுத்ததில் சிலதில் பச்சை. கலந்துபோய்க் கிடக்கிறதாம். சாரின் சத்தம் மாடிப்படி வரைக்கும் கேட்டது. “சாயம் போடத் தெரியலையா உனக்கு? மருந்து பழசா? இல்ல, கண்ணு தெரியலையா?”

மத்தியானம் அவள் எலி அறைக்கு வந்தாள். அழுத கண். கேட்பாள் என்றுதான் நின்றேன்.

“மாராக்கா, உமி வேற கடைல வாங்கினீங்களா? தீவனம் மாத்தினாங்களா?”

“இல்ல.”

“ஏசி ஏதாவது நின்னுச்சா?”

“இல்ல.”

போய்விட்டாள். உமியைக் கேட்கிறாள், ஏசியைக் கேட்கிறாள். இருபத்திரண்டு வருஷமாகக் காது வெட்டி நம்பர் வைக்கிறவளிடம் கேட்க வேண்டியது அதுவா?

7-10-2019, திங்கள்

ஆயுத பூஜை. கூண்டு கழுவும் மெஷினுக்குச் சந்தனப் பொட்டு. ஊதுபத்தி வாசலுக்கு வெளியே, எலிக்கு ஆகாது. பொரி, கடலை. ஹேமப்பிரியா வந்து ஒரு பிடி பொரி வாங்கிக்கொண்டு, “புதன்கிழமை ரெண்டாவது கூட்டத்தை எடுக்கப்போறேங்க. புது மருந்து வரவழைச்சாச்சு. இந்தத் தடவை தப்பு வராது” என்றாள்.

எனக்குத் தொண்டையில் பொரி ஒட்டிக்கொண்டது. இருமலில் ஒன்றும் பேச முடியவில்லை.

9-10-2019, புதன்

வெப்பம் 22. ஈரம் 55.

இன்று முழுவதையும் எழுதிவிடுகிறேன்.

எங்கள் எலிகளின் நம்பர் காதில் இருக்கிறது. வலது காதில் வெட்டினால் ஒன்று, இரண்டு, மூன்று. இடது காதில் வெட்டினால் பத்து, இருபது, முப்பது. மூன்றுக்குமேல் வெட்டினால் காது கிழியும். ஆகையால் நாலு முதல் ஒன்பது வரை எங்களுக்கு எலியே கிடையாது. இடதில் ஒன்று, வலதில் இரண்டு இருந்தால் பன்னிரண்டு. எலியைக் குப்புற வைத்து, அதன் முதுகு நம் பக்கம் இருக்க வெட்டுவோம். எலிக்கு வலது நமக்கும் வலது.

ஹேமப்பிரியா எலியை மல்லாக்கக் கிடத்துகிறாள். இதயத்தில் ஊசி ஏற்றி ரத்தத்தைக் கழுவ அப்படித்தான் கிடத்த வேண்டும். கிடத்தின பிறகு காதைப் பார்க்கிறாள். அப்போது எலிக்கு வலது அவளுக்கு இடது. பன்னிரண்டை இருபத்தொன்று என்று எழுதுகிறாள். ஒன்றைப் பத்து என்கிறாள். அந்த நம்பரிலும் அதே கூட்டத்தில் ஒரு எலி இருப்பதால் கணக்கு இடிப்பதில்லை. பதினொன்று, இருபத்திரண்டு, முப்பத்துமூன்று மூன்றும் சரியாக வந்துவிடும். மீதிப் பன்னிரண்டும் ஒன்றின் பெயரில் இன்னொன்று. இவளுக்கு முன்பு இருந்த பையன் மயக்கம் போடும் முன்பே கையில் பிடித்துக் காதைப் பார்த்துவிடுவான்.

செப்டம்பர் நாலாம் தேதி பார்த்தது இதைத்தான்.

இன்றும் பதினைந்தையும் டப்பாவில் போட்டாள். பன்னிரண்டு நம்பர் என் கைக்குள் புகுந்துகொண்டது. அதன் தாய் பத்தாம் நாளே செத்துவிட்டது. தீவனத்தை ஊறவைத்து ஈர்க்குச்சியில் நான்தான் ஊட்டினேன். வால் நுனியில் ஒரு மடிப்பு. பிடித்து டப்பாவில் விட்டேன்.

பத்தரைக்கு ஒரு முறையும் பதினொன்றரைக்கு ஒரு முறையும் மேலே போனேன். தண்ணீர் குடிக்க. தண்ணீர்க் குழாய் கீழேதான் இருக்கிறது. மேலே இருப்பது குளிர்ந்திருக்கும்.

கதவுக் கண்ணாடிக்குள் அவள் குனிந்திருந்தாள். ஒரு முறை நிமிர்ந்து பார்த்து, “என்னக்கா?” என்று வாயசைத்தாள். தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

10-10-2019, வியாழன்

ஐந்து கூண்டு காலி. கழுவினேன்.

23-10-2019, புதன்

மறுபடியும் கலந்துபோய்விட்டது. புது மருந்திலும். இன்று சத்தமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

28-10-2019, திங்கள்

தீபாவளி மறுநாள். பலகாரம் கொண்டுபோயிருந்தேன். பிரான்சிஸ் டாக்டர் தொடவில்லை. ஒரு தாளை நீட்டினார். வீட்டுக்குக் கொண்டுவந்து மிதுனாவிடம் கொடுத்தேன்.

“அம்மிச்சி, நீங்க கூண்டு மாத்தறப்ப அட்டையை மாத்தி வெச்சுட்டீங்கன்னு போட்டிருக்காங்க. ரெண்டு தடவையும். ஆறாம் தேதி விசாரணை. நெசம்னா நவம்பர் முப்பதோட உங்க ஒப்பந்தம் முடிஞ்சுதாம், புதுப்பிக்க மாட்டாங்களாம்.”

“யாரு எழுதினது?”

“ஆர். ஹேமப்பிரியா.”

தெரிந்துதான் கேட்டேன்.

அட்டையை மாற்றினேனாம். நான். 2003இல் இந்த அறையில் கரன்ட் போய் முந்நூறு கூண்டுகளை இருட்டில் இடம் மாற்றினோம். ஒரு அட்டை மாறவில்லை. இவள் அப்போது பால்பல் விழாத குழந்தை.

29-10-2019, செவ்வாய்

டாக்டரிடம் சொன்னேன். “நான் மாத்தலை.”

“நானும் நம்பலைங்க. ஆனா நம்பர் கலந்திருக்குதே. அறைல கலக்கலைன்னா எங்க கலந்துச்சு? கமிட்டிக்கு ஆதாரம் வேணும்.”

ஆதாரம் ஃப்ரீசரில் இருக்கிறது. ஒவ்வொரு எலியின் உடம்பும் மண்டைத் தோலும் சின்னப் பையில், பைமேல் அவள் கையெழுத்தில் நம்பர், உள்ளே காது. வெள்ளிக்கிழமை லாரி.

சொல்ல வாய்வரை வந்தது. எப்போது தெரியும் என்று கேட்பார். மூடிக்கொண்டேன்.

30-10-2019, புதன்

படிக்கட்டில் ஹேமப்பிரியா எதிரே வந்தாள். சுவரோரம் ஒதுங்கினாள். நானும் ஒதுங்கினேன். இரண்டு பேர் போகிற படியில் யாரும் போகவில்லை. கடைசியில் அவள்தான், “கூண்டு மாத்தறப்ப யாராவது பேச்சுக் குடுத்து மறந்திருப்பீங்கக்கா. ஒத்துக்கிட்டா நானே சார்ட்ட சொல்லி…”

“மறந்தேனா?” என்றேன். “நீ முதமுத உள்ள வந்தன்னிக்குப் போட்டிருந்த சுடிதார் கலரு சொல்லட்டுமா? துப்பட்டாவுல எத்தனாவது மடிப்புல மை இருந்துதுன்னு சொல்லட்டுமா?”

அவள் கண்ணில் தண்ணீர். என் கண்ணில் வரவில்லை.

31-10-2019, வியாழன்

வெப்பம் 23. ஈரம் 53. சாவு இல்லை.

நாளைக்கு லாரி.

1-11-2019, வெள்ளி

பதினொரு மணிக்கு வந்தது. டிரைவர் ரசீதை நீட்டினான். நான் கையெழுத்துப் போட்டால்தான் பை ஏறும்.

“போடுங்க்கா. இன்னும் ஒம்பது எடம் போகோணும்.”

“இரு.”

“எதுக்கு இருக்கறது? செத்த எலி எந்திரிச்சு வரப்போகுதா?”

“இருன்னு சொல்றேனில்ல. டாக்டரைக் கூட்டியாரேன்.”

“நெம்ப நல்லாருக்குது. வெயில்ல நாறுச்சுன்னா நீங்கதான் பதில் சொல்லோணும்.”

டாக்டர் வந்தார். பைகளைக் கொட்டி, இருபத்தொன்று என்று எழுதியிருந்ததை எடுத்தேன். கல்லாக உறைந்திருந்தது. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பனி விட்டதும் வால் தெரிந்தது. நுனியில் மடிப்பு.

“காதைப் பாருங்க டாக்டர்.”

பார்த்தார். இடதில் ஒன்று, வலதில் இரண்டு. பைமேலே எழுதியிருப்பதைப் பார்த்தார். அடுத்த பையை அவரே பிரித்தார். அதற்கடுத்ததையும். ஆறாவதில் நிறுத்திவிட்டு ஃபோன் செய்தார்.

வரதராஜன் சாரும் ஹேமப்பிரியாவும் ஓடிவந்தார்கள். அவள் ஒரு எலியின் மண்டைத் தோலை மல்லாக்க வைத்துப் பார்த்தாள். குப்புறப் போட்டுப் பார்த்தாள். மறுபடி மல்லாக்க. “ஐயோ” என்று மட்டும் சொன்னாள்.

சார் நெற்றியில் அடித்துக்கொண்டார். “அப்ப மூளையில தப்பில்ல, சாயத்துல தப்பில்ல. வெறும் நம்பர். திருப்பிப் போட்டா எல்லாம் சரியாயிடும்! மாராத்தா, நீங்க தெய்வம்.”

அவள்தான் கேட்டாள். “இது எப்பக்கா தெரிஞ்சுது உங்களுக்கு?”

டாக்டர் முந்திக்கொண்டார். “இன்னைக்குப் பை அடுக்கறப்பதான் பாத்திருப்பாங்க. அப்படித்தானுங்க?”

டிரைவர் ஹாரன் அடித்தான். இரண்டாம் கூட்டத்துப் பைகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதற்குக் கையெழுத்துப் போட்டேன்.

4-11-2019, திங்கள்

நம்பரைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார்களாம். சாதா எலி எல்லாம் பச்சை. மரபணு எடுத்தது எல்லாம் இருட்டு. இரண்டு கூட்டத்திலும் ஒன்றுகூடத் தப்பவில்லை. முதல் கூட்டத்தைத் திருப்பியிருந்தாலே போதுமாம்.

இரண்டாவது கூட்டம் தேவையே இல்லை.

உமி மூட்டை எட்டு வந்தது. ஒன்று நனைந்திருந்தது, திருப்பி அனுப்பினேன்.

5-11-2019, செவ்வாய்

டாக்டர் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். “நாளைக்குக் கேப்பாங்க. ஒண்ணாந் தேதிதான் பாத்தேன்னு சொல்லிப்போடுங்க. அதோட முடிஞ்சுது. அடுத்த வருஷத்துக்குக் கையெழுத்தும் ஆயிரும்.”

“சரிங்க” என்றேன்.

6-11-2019, புதன்

விசாரணை. நீள மேஜை. சார், டாக்டர், ஹேமப்பிரியா. வெளியிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார்கள். எலிகளை வீணாகக் கொல்லாமல் பார்த்துக்கொள்ள அரசாங்கம் அனுப்புகிற ஆள். நரைத்த தலை, என் வயசுதான் இருக்கும். பாய்லர் மாதிரிச் சூடான டீயை ஆற்றாமல் குடித்தார்கள்.

அட்டை மாறவில்லை என்று ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. எல்லாரும் தாளை மடித்தார்கள். அந்த அம்மா மடிக்கவில்லை.

“இதை நீங்க எப்ப கவனிச்சீங்கம்மா?”

டாக்டர் என்னைப் பார்த்தார். ஒண்ணாந் தேதி என்று சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன்.

“செப்டம்பர் நாலு. புதன். பத்தேகால்.”

அந்த அம்மா டீயைக் கீழே வைத்தார்கள்.

“அப்ப ரெண்டாவது கூட்டம் போறதுக்கு முன்னாடியே தெரியும்?”

“தெரியுமுங்க.”

“ஏன் சொல்லலை?”

“கோவமுங்க.”

“எலி மேலயா?”

தேதியைத் தப்பாகச் சொல்ல எனக்கு வராது. அதனால்தான் சொன்னேன். வேறொன்றுமில்லை. உள்ளங்கை ஐந்து நாளாகச் சில்லென்று இருக்கிறது. வயசானால் ரத்த ஓட்டம் குறையும்.

அந்த அம்மா ஹேமப்பிரியாவிடம் திரும்பி, “நீங்க குடுத்த புகார் தப்பு. வாபஸ் வாங்குங்க. இவங்க தெரிஞ்சே மறைச்சது வேற விஷயம். அதைப் புகாராக் குடுக்கறதா வேண்டாமான்னு உங்க இஷ்டம். வெள்ளிக்குள்ள எழுதுங்க. குடுத்தா இவங்க ஒப்பந்தம் முடிஞ்சுது” என்றார்கள்.

7-11-2019, வியாழன்

வெப்பம் 22. ஈரம் 56. டாக்டர் என்னோடு பேசவில்லை.

8-11-2019, வெள்ளி

மூன்று மணிக்கு ஹேமப்பிரியா எலி அறைக்கு வந்தாள். கையில் ஒரு தாள். உமி மூட்டைமேல் உட்கார்ந்தாள். நான் தண்ணீர் பாட்டில்களுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தேன்.

“எழுதிட்டேங்க்கா.”

“குடுத்துட்டயா?”

“இல்ல. உங்ககிட்டப் படிச்சுக் காட்டிட்டுக் குடுக்கலாம்னு.”

பாட்டிலைக் கீழே வைத்தேன்.

ஆங்கிலத்தில் ஒவ்வொரு வரியாகப் பார்த்துத் தமிழில் சொன்னாள். காதைத் தப்பாகப் படித்தது தன் பிழை என்று முதல் பத்தியில் இருந்தது. அட்டையைப் பற்றிய புகாரைத் திரும்பப் பெறுவதாகவும், விசாரிக்காமல் எழுதியதற்கு வருந்துவதாகவும் இருந்தது. பிறகு நிறுத்தினாள்.

“படி.”

“‘முதல் கூட்டத்தின்போதே, செப்டம்பர் நாலாம் தேதி சுமார் பத்து மணிக்கு, திருமதி மாராத்தாள் என் பிழையைக் கண்ணால் பார்த்தார். முப்பத்தைந்து நாள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இரண்டாம் கூட்டத்துப் பதினைந்து எலிகள் செத்திருக்காது.’”

தாளை மடியில் வைத்தாள். “எழுதாம இருந்துடலாம்னு ரெண்டு நாளாப் பாத்தேன். முடியலைங்க்கா. அந்தப் பதினஞ்சையும் நாந்தான் கையால…”

“தெரியும்.”

“இது போச்சுன்னா உங்க வேலை போயிடும். அதுவும் தெரியுமில்ல?”

“தெரியும். பேனா இருக்குதா?”

எடுத்தாள்.

“சுமார் பத்துன்னு போட்டிருக்கறே. அதை அடிச்சுட்டு எழுது. பத்தேகால்.”